விடுமுறை வீட்டில் மூட்டைப்பூச்சியா? பெட்டியைத் திறக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்

கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் 17 பேர் சேர்ந்து போர்ட்டிக்சனில் ஒரு ஹோம்ஸ்டே வீட்டை இரண்டு இரவுகளுக்கு எடுத்தோம். வாடகை 900 வெள்ளி, வைப்புத்தொகை 200 வெள்ளி. தோட்டத்திலிருந்து பெரியப்பா குடும்பம், ஷா ஆலாமிலிருந்து அத்தை குடும்பம், கிள்ளானிலிருந்து நாங்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு, மூன்று மாதம் திட்டமிட்டுச் சென்ற பயணம் அது.

முதல் இரவு மூன்று மணிக்கு அத்தை மகளின் எட்டு மாதக் குழந்தை வீறிட்டு அழுதது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் கழுத்திலும் கையிலும் வரிசையாகச் சிவந்த தடிப்புகள். மெத்தை விரிப்பைத் தூக்கினோம். தையல் ஓரத்தில் மிளகுப் பொடி தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே மூன்று பூச்சிகள் ஊர்ந்தன.

அதன் பிறகு நாங்கள் செய்தது எல்லாமே தவறு. மாமா கொசு மருந்துக் குப்பியை எடுத்து மெத்தை முழுக்க அடித்தார். பெரியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, துணிப்பையையும் இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். விடிந்ததும் விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்தோம். ஒருவரும் படம் எடுக்கவில்லை. "வெளியே சொன்னால் நம்மைத்தான் அசிங்கமாக நினைப்பார்கள்" என்று அத்தை சொல்ல, அனைவரும் வாயை மூடிக்கொண்டோம்.

வீட்டைக் காலி செய்த அன்று வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆதாரம் இருக்கிறதா?" அடுத்து, "இதற்கு முன் வந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. நீங்கள்தான் பையில் கொண்டு வந்திருப்பீர்கள்" என்றார். மெத்தையில் மருந்துக் கறை என்று 200 வெள்ளியும் போனது. மூன்று வாரம் கழித்து அத்தையின் அடுக்குமாடி வீட்டிலும் அதே பூச்சி. அதை ஒழிக்க இரண்டு முறை ஆள் வந்து 650 வெள்ளி செலவானது.

விடுமுறைக் காலங்களிலும் தைப்பூசம், தீபாவளி, திருமணக் காலங்களிலும் நம்மவர்கள் பலர் இப்படி முழு வீடு எடுத்துத் தங்குகிறார்கள். எங்களுக்கு அன்று தெரியாமல் போனவற்றை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன்.

முன்பதிவுக்கு முன்

வீட்டின் படங்களைவிட அங்கே தங்கியவர்கள் எழுதிய கருத்துகளே முக்கியம். அண்மைய மூன்று நான்கு மாதக் கருத்துகளை மட்டும் படியுங்கள். மலாயில் மூட்டைப்பூச்சிக்கு 'பிஜாட்', கரப்பானுக்கு 'லிப்பாஸ்', எலிக்கு 'தீக்குஸ்'. இந்தச் சொற்கள் கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள்.

முகநூலிலும் புலனத்திலும் பேசி முடிக்கும் வீடுகளுக்கு மூன்று விவரங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்: வீட்டுக்காரரின் முழுப்பெயர் அல்லது நிறுவனப் பதிவு எண், வீட்டின் முழு முகவரி, பணம் செலுத்திய ரசீது. பணத்தை வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். பின்னால் புகார் செய்ய நேர்ந்தால், யார்மீது புகார் என்று எழுத இவை தேவை. தொலைபேசி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

வீட்டில் நுழைந்ததும்

பெட்டிகளைக் காரிலேயே விடுங்கள். முடியாவிட்டால் குளியலறைத் தரையில் வையுங்கள். வழவழப்பான ஓட்டுத் தரையில் மூட்டைப்பூச்சிக்கு ஒளிய இடமில்லை. மெத்தை, சோபா, தரைவிரிப்பு ஆகியவற்றின்மீது பையை வைக்கவே கூடாது. பிள்ளைகளைச் சிறிது நேரம் வெளியே விளையாட விட்டு, பெரியவர்கள் இருவர் கைப்பேசி விளக்குடன் சுற்றி வாருங்கள். பத்து நிமிடம் போதும்.

படுக்கை: விரிப்பின் நான்கு மூலைகளையும் தூக்குங்கள். மெத்தையின் தையல் ஓரம், அடிப்பக்கம், கட்டில் சட்டம் இணையும் இடங்கள், தலைமாட்டுப் பலகைக்குப் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். தலையணை உறையின் உள்பக்கத்தையும் விடாதீர்கள். கூடுதலாகக் கொடுக்கும் தரை மெத்தைகளைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அடுக்கி வைத்த மெத்தைகளின் இடுக்குகள் இந்தப் பூச்சிக்கு வசதியான மறைவிடம்.

சமையலறை: அலமாரிக் கதவின் கீல், குளிர்சாதனப் பெட்டியின் இரப்பர் ஓரம், சோற்றுப் பானை வைக்கும் இடம், கழுவுதொட்டியின் அடிப்பாகம். அரிசி அளவில் கறுப்பாகக் கிடந்தால் எலிப் புழுக்கை. காப்பித்தூள் போலச் சிதறிக் கிடந்தால் கரப்பான் எச்சம்.

குளியலறையும் வெளியும்: தண்ணீர் பிடித்து வைத்த வாளி, பூந்தொட்டித் தட்டு, அடைத்த கூரைத் தண்ணீர்க் குழாய், பின்புறம் கிடக்கும் டயர் ஆகியவற்றில் புழு நெளிகிறதா என்று பாருங்கள். கூரை ஓரத்திலும் மரத்திலும் குளவிக் கூடு உண்டா என்று அண்ணாந்து பாருங்கள்.

மூட்டைப்பூச்சி: முதலில் தெரிய வேண்டியவை

"மூட்டையில் ஏறி வருவதால்தான் மூட்டைப்பூச்சி" என்பார் என் பாட்டி. சொல்லின் வேர் எதுவானாலும் பூச்சியின் இயல்பு அதுதான். அதற்கு இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பையிலும் துணியிலும் பழைய தளவாடத்திலும் ஏறித்தான் போகும். நம் நாடு போன்ற வெப்ப நாடுகளில் காணப்படும் வகையின் அறிவியல் பெயர் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ்.

வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் நீளம். ஆப்பிள் விதை போல் தட்டையாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். இரத்தம் குடித்ததும் உப்பிச் சிவக்கும். முட்டை வெள்ளையாக 1 மில்லிமீட்டர்தான். குஞ்சு ஐந்து முறை தோலுரித்து வளரும். ஒவ்வொரு முறையும் அதற்கு இரத்தம் வேண்டும். உணவில்லாமலும் பல வாரங்கள், சூழலைப் பொறுத்துப் பல மாதங்கள்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆகவே, ஓர் அறையைச் சில நாள் பூட்டி வைத்தால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

அடையாளங்கள் நான்கு: தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் (அது பூச்சியின் கழிவு, ஈரத் துணியால் துடைத்தால் துருப்பழுப்பாகப் பரவும்), உரிந்த தோல்கள், விரிப்பில் சிறு இரத்தக் கறை, எண்ணிக்கை அதிகமானால் ஒருவகைப் புளித்த இனிப்பு வாடை.

கடித்த தடிப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிலருக்கு உடனே தடிக்கும். சிலருக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது. ஒரே கட்டிலில் படுத்த கணவனுக்கு ஒன்றுமில்லை, மனைவிக்கு மட்டும் அரிப்பு என்பது சாதாரணம். பூச்சியையோ புள்ளியையோ கண்ணால் கண்டால்தான் உறுதி.

மூட்டைப்பூச்சியின் கடி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. ஆனால், அரிப்பும் தூக்கமின்மையும் உண்டு. சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிப்பதும் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை ஒற்றி, கேலமைன் தடவலாம். கைக்குழந்தைக்கு வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது அழுக்கால் வரும் பூச்சி அல்ல. விலையுயர்ந்த தங்கும் விடுதியிலும் இருக்கும். அதற்கு வேண்டியது மனித இரத்தமும் ஒளிய ஓர் இடுக்கும் மட்டுமே. வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். எங்கள் குடும்பம் அதற்குச் சாட்சி.

கண்டுபிடித்தால் என்ன செய்வது?

1. எதையும் கலைக்காதீர்கள். முதலில் படமும் காணொளியும் எடுங்கள். ஒரு படம் பூச்சிக்கு அருகில், பக்கத்தில் 5 காசு நாணயம் வைத்து. இன்னொரு படம் கட்டிலும் அறையும் தெரியும்படி தூரத்தில். அந்த வீடுதான் என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும்.

2. ஒரு பூச்சியைப் பசைத்தாளில் ஒட்டியோ, மூடியுள்ள சிறு புட்டியில் போட்டோ வையுங்கள்.

3. உடனே வீட்டுக்காரருக்குப் புலனத்தில் எழுத்தாகச் செய்தி அனுப்புங்கள். பேசினாலும் பிறகு எழுதுங்கள். கோபம் வேண்டாம். "இன்று இரவு 9.15-க்கு முதன்மைப் படுக்கையறையில் மூட்டைப்பூச்சி கண்டோம். படங்களை இணைத்துள்ளோம். எங்களோடு கைக்குழந்தை இருக்கிறது. வேறு வீடு தர முடியுமா, அல்லது பணத்தைத் திரும்பத் தருவீர்களா என்று இன்றிரவே தெரிவியுங்கள்" என்ற அளவு போதும்.

4. செயலி வழி முன்பதிவு செய்திருந்தால் அந்தச் செயலியின் உதவிப் பகுதியிலும் புகார் பதியுங்கள். காலக்கெடு உண்டு. எடுத்துக்காட்டாக, ஏர்பிஎன்பி தளத்தில் சிக்கலைக் கண்ட 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்.

5. அறை மாற்றம் என்றால் பக்கத்து அறை வேண்டாம். சுவர் இடுக்கு வழியாகப் பூச்சி நடமாடும். முடிந்தால் வேறு வீடு கேளுங்கள்.

6. நள்ளிரவில் வேறு வழியே இல்லையா? கட்டிலைவிட்டு விலகி, ஓட்டுத் தரையில் நீங்கள் கொண்டுவந்த பாயில் படுங்கள். துணிகளை நெகிழிப் பையில் போட்டு இறுகக் கட்டி வையுங்கள். குழந்தைக்குச் சொந்தத் தொட்டிலோ துணி ஏணையோ இருந்தால் அதிலேயே கிடத்துங்கள்.

மருந்து அடிக்கும் ஆசை வேண்டாம்

தோட்டத்தில் மருந்து அடித்துப் பழகிய கை, பூச்சியைக் கண்டதும் குப்பியைத்தான் தேடும். மூட்டைப்பூச்சி விஷயத்தில் அது பயன் தராது. கடைகளில் விற்கும் கொசு, கரப்பான் மருந்துகளில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை இரசாயனமே உள்ளது. மூட்டைப்பூச்சிகள் பலவும் அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டன. மருந்து பட்ட சில சாகும். மற்றவை சிதறி, அடுத்த அறைக்கும் உங்கள் பைக்கும் ஓடும். படுக்கையில் படிந்த மருந்தை இரவெல்லாம் சுவாசிக்கப் போவது குழந்தையும் முதியவரும்தான்.

அதைவிட ஆபத்தானது, தோட்டத்து ஸ்டோரில் மிஞ்சியதைப் புட்டியில் ஊற்றிக் கொண்டுவருவது. பயிருக்கு அடிக்கும் மருந்து வீட்டுக்குள் அடிப்பதற்கு உரியதல்ல. களைக்கொல்லி பூச்சியைக் கொல்லாது, ஆளைத்தான் கொல்லும். பாராகுவாட் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடையே உள்ளது. குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மருந்தைப் பிள்ளைகள் குடித்துவிடும் ஆபத்தையும் நினைவில் வையுங்கள்.

முன்பு லயன் வீடுகளில் கட்டில் கால் பொந்துகளில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுவார்கள். மண்ணெண்ணெய் தீ விபத்துக்கு வழி. வெயிலில் காய வைத்தாலும் மெத்தையின் உள்ளே போதிய சூடு சேராது. பூச்சி இன்னும் ஆழமாகப் போய்விடும்.

யாராவது மருந்தை விழுங்கினாலோ, மருந்து அடித்த பின் அளவுக்கு மீறி எச்சில் வடிதல், வியர்வை, வாந்தி, மூச்சுத் திணறல் கண்டாலோ 999 அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தின் லேபிளை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 எண்ணில் கேட்கலாம்.

மற்ற விருந்தாளிகள்

சார்லி எறும்பு: பெயர்தான் எறும்பு, உண்மையில் இது ஒரு வண்டு. 7 முதல் 10 மில்லிமீட்டர் நீளம். ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும். நெல் வயல் பக்கமுள்ள வீடுகளில், குறிப்பாக அறுவடைக்குப் பின், இரவு விளக்கைத் தேடி வரும். செபெராங் பிறை, பாரிட் புந்தார், செகிஞ்சான் பக்கம் தங்குபவர்கள் கவனிக்க வேண்டும். இது கடிப்பதோ கொட்டுவதோ இல்லை. தோலில் வைத்து நசுக்கினால் வெளிவரும் பெடரின் என்ற நஞ்சுதான் தீக்காயம் போல் கொப்புளத்தை உண்டாக்கும். ஆகவே அடிக்காதீர்கள், ஊதிவிடுங்கள், அல்லது தாளால் தள்ளுங்கள். பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். மாலையில் சன்னலைச் சாத்தி, தேவையற்ற விளக்கை அணைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

எலி: புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி பறக்கும். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பான் கலந்த நீரைத் தெளித்து, சற்று ஊறவிட்டு, கையுறையோடு தாளால் துடைத்தெடுங்கள். அங்குள்ள பாத்திரங்களைச் சமைக்கும் முன் கழுவுங்கள். டின் பானங்களின் மேல்மூடியைத் துடைக்காமல் வாய் வைக்காதீர்கள். எலிச் சிறுநீர் வழிப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் சாதாரணமாக 5 முதல் 14 நாளில், சிலருக்கு 30 நாள் வரையிலும்கூட வெளிப்படும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், எலி இருந்த வீட்டில் தங்கியதையும் அருவியில் குளித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஏடிஸ் கொசு: நாள்கணக்கில் ஆளில்லாமல் கிடக்கும் வாடகை வீட்டில் தேங்கிய நீர் இருந்தால், ஏழிலிருந்து பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். காய்ந்த முட்டைகூடப் பல மாதம் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாளி, கழிப்பறைத் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துச் சுத்தம் செய்யுங்கள். பயணம் முடிந்து இரண்டு வாரத்திற்குள் காய்ச்சல் வந்தால் டிங்கி பரிசோதனை கேளுங்கள். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டுமே. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் வேண்டாம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், கடும் சோர்வு கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கரப்பான்: சாக்கடையிலிருந்து வரும் பெரிய கரப்பான் ஒன்றிரண்டு நம் நாட்டில் எல்லா வீட்டிலும் உண்டு. இரவில் கழிவுநீர்த் துளையை மூடி வைத்தால் போதும். சமையலறையில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் கூட்டமாக ஓடுவது வேறு வகை. அதன் ஒரு முட்டைப் பையில் 30, 40 முட்டைகள் இருக்கும். அட்டைப் பெட்டியிலும் சோற்றுப் பானையிலும் ஏறி உங்களோடு வந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கரப்பான் எச்சம் ஒத்துக்கொள்ளாது. அத்தகைய வீட்டில் அவர்களைத் தங்க வைக்க வேண்டாம்.

குளவியும் பாம்பும்: இவற்றை நாமே கையாளக் கூடாது. கல் எறிவது, புகை போடுவது வேண்டவே வேண்டாம். பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி 999 அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்பு மீட்புப் படையினரோ வருவார்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கேமரன் மலை போன்ற இடங்களில் காலணியை உதறிவிட்டு அணிவது நல்ல பழக்கம். பூரானும் தேளும் அதற்குள் புகும்.

சுவரில் பல்லி, சர்க்கரையில் எறும்பு என்பதெல்லாம் புகார் அல்ல. வெப்ப நாட்டு வீட்டில் அவை இருக்கத்தான் செய்யும். அவற்றுக்காகப் பணத்தைத் திரும்பக் கேட்டால், நியாயமான புகார் சொல்பவரின் பேச்சும் எடுபடாமல் போகும்.

வீடு திரும்பும்போது

எங்கள் அத்தை வீட்டுக்கு நேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். லயன் வீடுகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் சுவர் பொதுவானது. ஒரு வீட்டுக்கு வந்த மூட்டைப்பூச்சி அடுத்த வீட்டுக்கும் போகும். ஆகவே பெட்டியை வரவேற்பறைக்குள் கொண்டு போகாதீர்கள்.

துணிகளை எல்லாம், துவைத்தது துவைக்காதது என்று பார்க்காமல், கட்டிய நெகிழிப் பையோடு நேராகக் காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். இங்கே வேலை செய்வது சோப்பைவிடச் சூடுதான். உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓடினால் பூச்சியும் முட்டையும் சாகும். பட்டுச் சேலை போலச் சூடு தாங்காதவற்றை வேறு பையில் கட்டி, தனியே எடுத்து வையுங்கள். சிறிய பொருள்களையும் பொம்மையையும் நெகிழிப் பையில் கட்டி, மைனஸ் 18 பாகையில் இயங்கும் உறைபெட்டியில் நான்கு நாள் வைக்கலாம். பழைய நெகிழிப் பைகளைக் கட்டியபடியே வெளிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

பெட்டியின் சக்கர இடுக்கு, உள்துணித் தையல், பல்லிணைப்பு ஓரம் ஆகியவற்றைத் தூசி உறிஞ்சியால் உறிஞ்சி, அந்தத் தூசியையும் கட்டி வெளியே எறியுங்கள். அடுத்த ஒரு மாதம், வாரத்திற்கு ஒரு முறை சொந்தக் கட்டிலைச் சோதியுங்கள். பூச்சி தென்பட்டால் மறைக்காமல் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். இரு வீடும் சேர்ந்து மருந்தடித்தால்தான் ஒழியும். பூச்சிக்கொல்லி வாரியத்தின் உரிமம் உள்ள நிறுவனத்தையே அழையுங்கள். முட்டை பொரித்து வரும் குஞ்சுகளையும் கொல்ல வேண்டியிருப்பதால், பெரும்பாலும் ஒரே வருகையில் வேலை முடியாது. இரண்டாவது வருகையும் விலையில் அடங்குமா என்று முன்பே கேளுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற

வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால் பேச்சிலேயே முடியும். ஓர் இரவு வாடகையைத் திருப்பித் தந்து மன்னிப்புக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர் மறுத்தால், நாம் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், காசு கொடுத்துப் பெறும் சேவை நியாயமான கவனத்தோடு தரப்பட வேண்டும் என்கிறது. அது பெறப்பட்ட நோக்கத்திற்குத் தக்கதாகவும் இருக்க வேண்டும். தூங்குவதற்காக எடுத்த வீட்டில் தூங்க முடியவில்லை என்பது அற்பப் புகார் அல்ல. 'பணம் திரும்பத் தரப்படாது' என்று சுவரில் ஒட்டியிருந்தாலும், சட்டம் தரும் உரிமையை அந்த அறிவிப்பு பறித்துவிடாது.

இதற்கென இருப்பதுதான் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். மலாயில் திரிபூனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. எதிர்த்தரப்பும் வழக்கறிஞரை வைத்து வாதாட முடியாது. சம்பவம் நடந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். இணையம் வழியாகவோ நேரிலோ முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுக்கலாம். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும், பண ரசீது, புலனச் செய்திகள், படங்கள், கிளினிக் ரசீது, டோபிச் செலவு ஆகியவற்றை இணையுங்கள். மன்றம் தரும் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

வாடகை, மருத்துவம், துவைத்த செலவு என்று ரசீதுள்ள தொகையை மட்டும் கேளுங்கள். மலாயில் எழுதத் தயங்குபவர்கள் வீட்டில் படிக்கும் பிள்ளைகளை உட்கார வைத்து எழுதச் சொல்லலாம். அவர்களுக்கும் இது பாடம்.

இணையத்தில் கருத்து எழுதும்போது கண்டதை மட்டும், தேதியோடும் படத்தோடும் எழுதுங்கள். வசைச் சொல் உங்கள் வழக்கையே கெடுக்கும்.

வீட்டை வாடகைக்கு விடுபவர்களுக்கு

நம்மவர்களில் சிலர் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறார்கள். உங்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு விருந்தினர் போன பின்னும் மெத்தைத் தையலைப் பாருங்கள்; பூச்சி புக முடியாத, பல்லிணைப்புள்ள மெத்தை உறை போடுங்கள். ஆளில்லாத நாளிலும் வாரம் ஒரு முறை தேங்கிய நீரைக் கொட்டுங்கள். கொசுப்புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைக்கு ஆளாகலாம். புகார் வந்தால் முதலில் "குழந்தை எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை எங்கள் வீட்டுக்காரர் கேட்டிருந்தால், 200 வெள்ளியை நாங்கள் மறந்திருப்போம்.

இந்த ஆண்டும் குடும்பமாகப் போவதாக இருக்கிறோம். அத்தை முதலில் வர மறுத்தார், இப்போது சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: பத்து நிமிடச் சோதனை முடியும்வரை யாரும் காரைவிட்டுப் பெட்டியை இறக்கக் கூடாது. கைவிளக்கு அவர் கையில்தான் இருக்குமாம்.